தழை ரூம்

வாரத்துக்கு மூன்று முட்டை, மூன்றா ஐந்தா, மூன்றுதான், ஐந்து என்பது பாத்ரூம், முட்டை மூன்று பாத்ரூம் ஐந்து, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே மூன்றடி... பாத்ரூமை அவர்களே எண்ணிக்கொள்ளலாமே, கண் இருக்கிறதே, அதை ஏன் நான் மனப்பாடம் பண்ண வேண்டும், ஆனால் குப்புராஜ் அண்ணன் சொல்லிவிட்டார், ஆதரவில்லாதவர்களை வைத்துப் பார்க்கிற இந்த இல்லத்தை நடத்துகிறவர் அவர், கேட்டதுக்கு மட்டும் பதில், சுருக்கமா, சிரிச்ச முகமா, டாக்டர் மாசம் ரெண்டு தரம் வர்றாரு, ராத்திரி ஒரு ஆயா எங்ககூடவே படுக்குறாங்க, யாரும் எங்கள அடிக்கறதில்ல, யாரையும் பூட்டி வெக்கறதில்ல. கடைசி இரண்டில் முதலாவது வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது, உண்மைதானே, அண்ணன் கை ஓங்கி நான் பார்த்ததில்லை, நான் இங்கே வந்து ஆறு வருஷமாகிறது, ஒரு தடவைகூட இல்லை. இரண்டாவதுதான்... சுமலதா, பேசாம இரு. விடிந்ததிலிருந்து எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் ரூமுக்கு வெளியே பெஞ்சில் எங்களை வரிசையாக உட்காரவைத்திருக்கிறார்கள், எனக்கு முன்னால் இரண்டு பேர், உள்ளே போயிருப்பது தங்கம்மாக்கா. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள், இல்லத்து ஆட்கள் யாரும் கிட்டே இருக்கக் கூடாதாம், அண்ணனையே வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டார் அந்தப் பெண் அதிகாரி. முப்பது வயசுக்கு மேல் இருக்காது. அதிகாரி என்றால் நரைத்த தலையோடு யாராவது வருவார் என்று நினைத்திருந்தோம். கழுத்தில் தொங்கிய அட்டையில் யுவராணி என்று போட்டிருந்தது, கடந்து போகும்போதே படித்துவிட்டேன், எனக்கு எழுத்து தெரியும், இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால்தானே மாத்திரைப் பெட்டி என் பொறுப்பில் இருக்கிறது.

வேறு ஏதோ ஒரு ஜில்லாவில் இப்படி ஒரு இல்லத்தில் என்னவோ நடந்து பேப்பரில் வந்ததாம், அதிலிருந்து எல்லா இல்லத்தையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அங்கே இருக்கிறவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் பதிவைப் புதுப்பிக்கலாம் என்று உத்தரவாம். ஒரு வாரமாக இங்கே கல்யாண வீடு மாதிரி வேலை. சுவருக்கு வெள்ளை, கட்டிலுக்குப் புது பெட்ஷீட், மடிப்புக் கலையாமல், நேற்று ராத்திரி யாரும் அதன்மேல் படுக்கக் கூடாது என்று எங்களைப் பாயில் படுக்கவைத்தார்கள். வாட்ச்மேன் மாது ஸ்டூல் போட்டு ஏறி ஒரு தகரப் பெட்டியை ஆணி அடித்து மாட்டினார், புகார்ப் பெட்டியாம், அவ்வளவு உயரத்தில், அதில் சீட்டுப் போட வேண்டும் என்றால் மாதுவிடம்தான் போய் ஸ்டூல் கேட்க வேண்டும். பதிவில் இருபத்தைந்து பேருக்குத்தான் இடம். நாங்கள் நாற்பத்தொரு பேர். அதனால் இன்று காலை ஆறு மணிக்கே பதினாறு பேரை வேனில் ஏற்றித் தீர்த்தமலைக்கு அனுப்பியாகிவிட்டது. கோயிலுக்குப் போறோம், தீர்த்தத்துல குளிக்கப் போறோம் என்று கையைத் தட்டிக்கொண்டு ஏறினார்கள், எத்தனை வருஷமாச்சோ அவர்கள் கேட்டைத் தாண்டி. யார் யாரை ஏற்றுவது என்று பட்டியல் எழுதினது நான்தான். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன்... அழுகிறவர்கள், திடீரென்று கத்துகிறவர்கள், யார் வந்தாலும் துணியைத் தூக்கிப் புண்ணைக் காட்டுகிறவர்கள். அவர்களுடைய கட்டில்கள் மடிக்கப்பட்டு அடுப்படிக்குப் பின்னால் தார்ப்பாயின் அடியில் இருக்கின்றன, பதினாறு தட்டு ஒரு சாக்கில்.

தீர்த்தமலைக்கு என்னையும் ஒரு காலத்தில் கூட்டிப் போனார்கள். பிள்ளை பெற்ற ஐம்பதாம் நாள் எனக்குக் காதுக்குள் பேச்சுச் சத்தம் ஆரம்பித்தது, உன் பிள்ளையைக் கிணற்றடியில் வைக்காதே, வைக்காதே, வைக்காதே... நான் பிள்ளையைக் கீழேயே வைக்காமல் மூன்று நாள் நின்றுகொண்டே இருந்தேன். புருஷன் வீட்டில் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் பாப்பாரப்பட்டியில் என் அண்ணன் பச்சியப்பன் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பச்சியப்பன் கெட்டவன் இல்லை, மலைமேல் பாறையிலிருந்து விழுகிற தண்ணீரில் ஒவ்வொரு தீர்த்தத்திலும் என் தலையைப் பிடித்துக் குளிக்கவைத்தான், அவனும் நனைந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். அப்புறம் பெரியாஸ்பத்திரி, மாத்திரை, சத்தம் குறைந்தது, வருஷக்கணக்கில் சரியாகத்தான் இருந்தேன், மாங்காய் சீசனில் மாம்பழக் கூழ் கம்பெனிக்குக்கூட வேலைக்குப் போனேன். அண்ணிக்குத்தான் என்னோடு ஒரே வீட்டில் தூங்கப் பயம். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா, அவளுக்கும் சின்னப் பிள்ளைகள்... ஒருநாள் மாத்திரையும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்று நடந்துவிட்டேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் எத்தனை நாள் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. குப்புராஜ் அண்ணன்தான் வேனோடு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "உம் பேரு என்னாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அங்கே போய்வந்த அத்தனை பேரில் என் பேரைக் கேட்ட ஒரே ஆள். அதை நான் மறந்தால் எனக்குச் சோறு இறங்குமா?

அவரும் நொடிந்த மனுஷன்தான். அதியமான்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இந்த இடத்தில் முன்னே மல்பெரித் தோட்டம் இருந்தது, நாங்கள் படுக்கிற நீளக் கொட்டகை பட்டுப்புழு வளர்த்த இடம், ஒரு வருஷம் புழுவுக்கு நோய் வந்து எல்லாம் கறுத்துச் செத்துப்போய், கொட்டகை காலியாகக் கிடந்தபோது ரோட்டோரம் கிடந்த ஒரு கிழவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தாராம், அப்படி ஆரம்பித்தது. ஒன்று நாலாகி, நாலு நாற்பதாகி, வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷன், போலீஸ்காரங்க கொண்டுவந்து விடுவாங்க, ஆஸ்பத்திரிக்காரங்க கொண்டுவந்து விடுவாங்க, பெத்தவங்களே ராத்திரியில் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போவாங்க. கொட்டகைக்குப் பின்னால் ஒரு ரூம். பறித்த மல்பெரித் தழை வாடாமல் இருக்க வைக்கிற ரூம், அதனால் வெயில் நுழையாத மாதிரி கட்டியிருக்கிறது, மேலே ஒரே ஒரு சின்ன ஜன்னல், தரை எப்போதும் சில்லென்று இருக்கும். தழை போய் எத்தனையோ வருஷமாகியும் பேர் மட்டும் தழை ரூம்தான். ஆட்களை அங்கே போட வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. விசேஷத்துக்கு ஆட்கள் வருவார்கள், டவுனிலிருந்து, பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் நினைவு நாள், எங்களுக்குச் சாப்பாடு போட்டு, எங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களைப் பார்த்ததும் சிலர் அழுவார்கள், சிலர் அவர்கள் பையைப் பிடித்து இழுப்பார்கள், ஒரு தடவை ஒரு அம்மா பயந்து சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அதிலிருந்துதான், வண்டி வருகிற சத்தம் கேட்டால் அண்ணன் என்னைப் பார்ப்பார், நான் நாலைந்து பேரைக் கைப்பிடித்துத் தழை ரூமுக்குக் கூட்டிப் போவேன், வெளியே தாப்பாள் போடுவேன். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அப்புறம் திறந்து, அவர்களுக்கும் இலை போட்டுக் கேசரி வைப்பேன்.

பூவிழிக்கு இருபது வயசு, ஆனால் ஐந்து வயசுப் பேச்சு. வத்தல்மலையிலிருந்து அவள் அப்பா கொண்டுவந்து விட்டார், காட்டுக்கும் மேட்டுக்கும் போகிற ஆள், வலிப்பு வருகிற பெண்ணைத் தனியாகக் குடிசையில் விட்டுப்போக முடியாது என்று. அவளுக்கு என் பேர் வாயில் வராது, சும்மாக்கா என்பாள். சும்மாக்கா தலை பின்னு. சும்மாக்கா பல்லி. நான் எங்கே போனாலும் என் முந்தானை நுனி அவள் கையில்தான் இருக்கும், நான் மாத்திரை எண்ணும்போது அவளும் கூட எண்ணுவாள், ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, அதற்கு மேல் போக மாட்டாள். பங்குனி மாசம் ஒரு வியாபாரியின் பையனுக்குப் பிறந்தநாள். பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றரைக்கே வந்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு கத்திரிப்பூ நிறச் சேலை கொடுத்திருந்தார்கள், பரிமாறுவதற்கு. அன்றைக்கு உள்ளே போட்டது பூவிழியை மட்டும்தான், மற்றவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். தட்டினாள். எப்போதும் தட்டுவாள், தொற சும்மாக்கா, தொற சும்மாக்கா என்று, தாளம் போடுகிற மாதிரி. கொட்டகையில் கேக் வெட்டினார்கள், எல்லோரும் கை தட்டிப் பாடினார்கள், நான் கேசரி எடுக்கப் பின்பக்கம் வந்தபோது வேறு மாதிரி ஒரு சத்தம், கதவின் அடியில், குதிகாலால் உதைக்கிற மாதிரி, வேகமாக, தாளம் இல்லாமல். கோபம் போலிருக்கிறது, உதைக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தேனே... ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பார்த்தேனா? கையில் பெரிய தாம்பாளம், சூடு, முன்னால் எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பி வந்து திறந்தபோது கதவு முழுசாகத் திறக்க மாட்டேன் என்றது, அவள் கதவோடு ஒட்டிக் கிடந்தாள்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார், அது நடிப்பு இல்லை, அழுகையில் நடிப்பு எனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, அவ படுத்திருக்கும்போது வலிப்பு வந்துருச்சு, அவ்வளவுதான், அவ விதி என்றார். அவள் அப்பா வந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இல்லத்துக்கு வருகிறவர் போகிறவர் பேரெழுதுகிற பெரிய நோட்டில் அவள் பேருக்கு எதிரே, தந்தையுடன் அனுப்பி வைக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. பொய் இல்லை. எங்கள் வேனில்தான் அவள் உடம்பை அனுப்பி வைத்தோம்.

தங்கம்மாக்கா வெளியே வந்தாள், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள், ஒப்பித்துவிட்டாளாம். அவளுக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது, ஒன்றும் நோயில்லை, மகன்கள் இல்லை என்று எழுதிக்கொடுத்து இங்கே விட்டுப்போனார்கள், மகன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அடுத்த இரண்டு பேரும் போன வேகத்தில் வந்தார்கள். என் பேரைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஃபேன் ஓடியது, ஒரு பையன்... பையன் இல்லை, கூட வந்த ஆபீஸ் ஊழியர்தான், மீசை இருக்கிறது, லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். யுவராணி மேடம், "உக்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். களைத்த முகம். இன்றைக்கு இதற்கு அப்புறம் இன்னொரு இல்லத்துக்குப் போக வேண்டுமாம், அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் சொன்னேன், மூன்று முட்டை, ஐந்து பாத்ரூம், டாக்டர் இரண்டு தரம். ஒவ்வொன்றுக்கும் அவர் பேனா ஒரு கட்டத்தில் டிக் போட்டது. எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் கை பழகிவிடும்தானே, நான்கூட மாத்திரை எடுத்துப் போடும்போது பேரைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துப் போடுகிறேன். "அடிக்கறது, திட்டறது?" இல்லீங்க. "ரூம்ல போட்டுப் பூட்டறது, கட்டிப்போடறது..." நான் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் பேனா நகர்ந்து, 'இல்லை' என்று இருந்த கட்டத்துக்கு மேலே போய் நின்றுவிட்டது. நான் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. நான் பேசாமல் இருந்தாலே போதும், பூவிழி அந்தக் கட்டத்துக்குள் போய்விடுவாள். எனக்கு என்ன ஆயிற்று என்று இப்போதும் தெரியவில்லை. கை தானாக நீண்டு அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டது.

"எழுதாதீங்க மேடம்."

அவர் திடுக்கிட்டார், மீசைக்காரர் எழுந்தே விட்டார். பிடித்த கையை நான் விடவில்லை, எல்லாம் ஒன்றாக வந்தது, தழை ரூம், தாப்பாள், கேசரி, குதிகால், நான்தாங்க தாப்பாப் போட்டேன், நான்தாங்க. "மெதுவா சொல்லுங்கம்மா. யாரு பூட்டச் சொன்னது?" அண்ணன்தாங்க. "எந்த அண்ணன்? ஓனரா?" ஆமாங்க. அவர் பெரிய நோட்டைப் புரட்டினார், பூவிழி என்ற பேரில் விரல் நின்றது, அனுப்பி வைக்கப்பட்டார் என்பதைச் சத்தமில்லாமல் உதடு அசைத்துப் படித்தார்.

அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. தழை ரூமைத் திறந்தார்கள், உள்ளே பினாயில் வாசம், இரண்டு அரிசி மூட்டை, ஒரு பழைய சைக்கிள், ஸ்டோர் ரூமுங்க மேடம் என்றார் அண்ணன். வெளியே தாப்பாள் எதற்கு என்று மேடம் கேட்டார். எலித் தொல்லை என்றார் அண்ணன். மேடம் போனில் தாப்பாளைப் போட்டோ எடுத்தார், கதவின் அடியையும் எடுத்தார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை, மேடத்தைப் பார்த்து மட்டும் சொன்னார், குரலை இறக்கி, என்மேல் இரக்கப்பட்டு, அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நல்ல பொண்ணுதாங்க, நான்தான் பஸ் ஸ்டாண்டுல இருந்து தூக்கிட்டு வந்தேன். இப்ப மாத்திரை மாத்தி ஒரு வாரமாகுது. அப்பப்ப இல்லாததெல்லாம் கேக்கும், இல்லாததெல்லாம் பேசும்ங்க. அந்தப் புள்ளமேல உசுரா இருந்தா, அதுலருந்தே இப்படித்தான்." மாத்திரை யாரும் மாற்றவில்லை. மாத்திரைப் பெட்டியே என்னிடம்தானே இருக்கிறது. ஆனால் மேடம் என்னைப் பார்த்தார், அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அண்ணி பார்ப்பாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி பார்ப்பாள், இவள் சொல்வதில் எவ்வளவு இவளுடையது, எவ்வளவு நோயினுடையது என்று அளக்கிற பார்வை. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குதிகால் சத்தம் நிஜமாகக் கேட்டேனா, அது காதுக்குள் வந்த சத்தமா... அது வராமல் எத்தனையோ வருஷம் ஆகிறதே, வந்திருந்தால் எனக்குத் தெரியாதா? பூவிழியை யாரும் எழுப்பிச் சாட்சி சொல்லவைக்க முடியாது. தங்கம்மாக்கா வாயைத் திறக்க மாட்டாள். எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும், நான் பைத்தியமாகவே இருந்தாலும் மாறாத ஒன்று.

"மேடம், சாயந்திரம் வரைக்கும் இருக்கீங்களா? தீர்த்தமலைக்கு வேன் போயிருக்குதுங்க. அதுல பதினாறு பேரு இருக்காங்க. எல்லாம் இங்கத்த ஆளுங்கதான். பட்டியல் நான்தான் எழுதினேன்."

அண்ணன் அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தேவலை.

மேடம் இன்னொரு இல்லத்துக்குப் போகவில்லை. போனில் யார் யாரிடமோ பேசினார், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், அண்ணனை ஆபீஸ் ரூமிலேயே உட்காரச் சொன்னார், மாதுவின் போனையும் வாங்கி மேஜைமேல் வைத்தார்கள். மதியம் யாரும் சாப்பாட்டை எடுத்துவைக்கவில்லை, நான்தான் போய்க் களியும் கீரையும் எடுத்துவைத்தேன், யாரும் என் கையால் வாங்கவில்லை. தங்கம்மாக்கா என் எதிரே வந்து நின்றாள். "உனக்கென்ன கேடுடி? இத மூடிட்டா நான் எங்க போவேன்? எம் மகனுங்க வூட்டுக்கா? ரோட்டுல கெடந்து நாயி நக்கிச் சாவறதா?" என்றாள், என் தோளைப் பிடித்து உலுக்கினாள், அவள் கையில் பலமே இல்லை, அப்புறம் அவளே அழ ஆரம்பித்தாள். நான் என்ன சொல்வது, அக்கா, நல்ல இடமா பார்த்துக் குடுப்பாங்க என்றேன், எனக்கு யார் சொன்னார்கள் அப்படி? மேடம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்றார். பச்சியப்பன் நம்பர் எனக்கு மனப்பாடம். அவரே போட்டுப் பேசினார், ஸ்பீக்கரில், எனக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. மேடம் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் பின்னால் குக்கர் விசில் சத்தம். "நல்லா இருக்குதுங்களா அது?" என்றான் பச்சியப்பன். நல்லா இருக்காங்க என்றார் மேடம். "அப்ப... நீங்களே ஒரு நல்ல எடமா பார்த்து வெச்சிருங்க மேடம். அது கேட்டுச்சுன்னா, அண்ணன் தீபாவளிக்கு வந்து பாக்கறேன்னு சொன்னேன்னு சொல்லுங்க." நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று மேடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியமாக இல்லை, வருத்தம்கூட அவ்வளவாக இல்லை, அவன் குரல் வயசானவர் குரல் மாதிரி ஆகிவிட்டதே என்றுதான் இருந்தது.

ஐந்தரைக்கு வேன் வந்தது. டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே வந்து நிறுத்திவிட்டார். மேடம் வேன் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார், மீசைக்காரர் போனில் வீடியோ எடுத்தார். ஒவ்வொருவராக இறங்கினார்கள், தலையெல்லாம் ஈரம், நெற்றியில் விபூதி, ஒருத்தி கையில் பொரி பொட்டலம். மேடம் வாய்விட்டு எண்ணினார், ஒண்ணு, ரெண்டு, மூணு... அவர்களுக்கு அது பிடித்துவிட்டது, இறங்கினவர்களும் திரும்பி நின்று கூடச் சேர்ந்து எண்ணினார்கள், சத்தம் போட்டு, ஏதோ விளையாட்டு என்று. பதினாறு. ஒருத்தி நேராக மேடத்திடம் போய் முழங்காலுக்கு மேலே துணியைத் தூக்கிப் புண்ணைக் காட்டினாள். மேடம் முகத்தைத் திருப்பவில்லை, குனிந்து பார்த்தார், எவ்வளவு நாளா இருக்கு என்று கேட்டார். அப்புறம் நிமிர்ந்து என்னைத் தேடினார். அந்தப் பார்வையில் காலையில் இருந்த அளவெடுப்பு இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று தோன்ற வேண்டும் அல்லவா, தோன்றவில்லை.

முடிவு இதுதான் என்றார்கள், இனி புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, நாளைக்கு டாக்டர் வந்து எல்லோரையும் பார்ப்பார், பத்து நாளுக்குள் ஒவ்வொருவரையும் எங்கே அனுப்புவது என்று முடிவாகும், பூவிழி விஷயம் போலீஸுக்குப் போகும், அதுவரைக்கும் இரண்டு பெண் பணியாளர்கள் இங்கேயே தங்குவார்கள். மீசைக்காரர் தழை ரூம் தாப்பாளைத் திருப்புளியால் கழற்றி ஒரு கவரில் போட்டுப் பேர் எழுதினார். என் வாக்குமூலத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தார்கள், சின்ன பிரின்டர், காரிலேயே வைத்திருக்கிறார்கள். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்டினார். என் பேர், வயசு நாற்பத்து மூன்று, ஆறு வருஷம், எல்லாம் சரி. "...அன்றைய தினம் விருந்தினர்கள் வந்தபோது, மேற்படி இல்லத்தின் நிர்வாகி திரு. குப்புராஜ் அவர்கள் கூறியதன் பேரில், நான் பூவிழியை அந்த அறைக்குள் விட்டு வெளியே தாழிட்டேன்..." பேனாவை என் கையில் கொடுத்தார்.

கூறியதன் பேரில். சரிதான், அப்படித்தான் வழக்கம், வண்டிச் சத்தம் கேட்டதும் அண்ணன் என்னைப் பார்ப்பார், நான் எழுந்துகொள்வேன், எத்தனை தடவை, இருபது முப்பது தடவை. ஆனால் அன்றைக்கு? அன்றைக்கு அவர்கள் அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடியே கேட்டுக்கு ஓடினார், அங்கேதான் நின்றார், கும்பிட்டுக்கொண்டு, எனக்கு முதுகுதான் தெரிந்தது. அப்புறம் அந்த வியாபாரியின் மனைவி கொட்டகைக்குள் வந்தார். என் சேலையைப் பார்த்தார், என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே, "நீங்க இங்க வேலை பாக்கறீங்களா? எத்தன வருஷமா?" என்று கேட்டார். ஆமாங்க, ஆறு வருஷமா என்று சொன்னேன். எத்தனை சுலபமாக வந்தது. அவர் என்னை நீங்க என்று சொன்னார், என்னோடு போட்டோ எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, வேலை செய்கிறவர்களோடு யாரும் போட்டோ எடுத்துக்கொள்வதில்லையே. அந்த நேரத்தில்தான் பூவிழி வந்தாள். பாதி பின்னின தலையோடு, சும்மாக்கா என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சும்மாக்கா எனக்கு மாத்திரை, உனக்கு மாத்திரை, ஒண்ணு, ரெண்டு... அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் இப்போது வேறு மாதிரி இருந்தது. நான் பூவிழியின் மணிக்கட்டைப் பிடித்தேன். கொஞ்சம் அழுத்தித்தான் பிடித்தேன். யாரும் கண்ணைக் காட்டாமலே தழை ரூமுக்குக் கூட்டிப்போனேன்.

"என்னம்மா, ஏதாவது மாத்தணுமா?" என்றார் மேடம். பேனா நுனி தாளில் பட்டு ஒரு புள்ளி விழுந்திருந்தது. ஒரு நிமிஷம்ங்க என்றேன். ஆபீஸ் ரூம் ஜன்னலில் குப்புராஜ் அண்ணன் தெரிந்தார், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எவ்வளவோ மறுத்தார், தாப்பாளை மறுத்தார், பதினாறு பேரை மறுத்தார், என் புத்தியையே மறுத்தார், ஆனால் அன்றைக்குத் தான் பூட்டச் சொல்லவில்லை என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எத்தனையோ தடவை கண்ணைக் காட்டினவர், அன்றைக்கும் தான் காட்டினதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ...